மீதி தொண்ணூற்றெட்டு

இந்தியாவில் ஒரு கம்பெனி எவ்வளவு நல்லதாக இருக்க வேண்டும் என்பதற்கு அரசே விகிதம் நிர்ணயித்துவிட்டது: 2 சதவீதம். 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டம், 135ஆவது பிரிவு. 2014 ஏப்ரல் 1 முதல் அமல். நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி. இந்த மூன்றில் ஏதாவது ஒரு கோட்டைத் தொட்டால் போதும், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் நூற்றுக்கு இரண்டு ரூபாயைச் சமூகத்துக்கென்று எடுத்து வைக்க வேண்டும். கம்பெனியின் சமூகப் பொறுப்பு, ஆங்கிலச் சுருக்கத்தில் சிஎஸ்ஆர், என்று இதற்குப் பெயர். மூன்று கோட்டுக்கும் கீழே இருப்பவர்களுக்கு மனசாட்சி விருப்பப் பாடம்.

சட்டம் வந்தபோது உலகத்துக்கே வழிகாட்டிவிட்டோம் என்று மார்தட்டிக்கொண்டோம். அந்தப் பிரிவை ஒருமுறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். இரண்டு ரூபாயை எங்கே செலவழித்தாய், யாரிடம் கொடுத்தாய், குழுவில் எந்தெந்த இயக்குநர்கள் இருந்தார்கள், மிச்சம் இருந்தால் எந்தக் கணக்கில் போட்டாய் என்று துருவித் துருவிக் கேட்கிறது. அந்த நூறு ரூபாய் எப்படி வந்தது என்று ஓர் இடத்தில்கூடக் கேட்கவில்லை. சாயத் தண்ணீரைச் சுத்திகரிக்காமல் ராத்திரியோடு ராத்திரியாக ஆற்றில் திறந்துவிட்டு மிச்சம் பிடித்ததா? காண்ட்ராக்டில் ஆள் எடுத்து, பிஎஃப் கட்டாமல் சேர்த்ததா? அதெல்லாம் வேறு இலாகா. இந்த இலாகாவில் இரண்டு ரூபாய்க்கு மட்டும்தான் ரசீது.

எதற்கெல்லாம் செலவழிக்கலாம் என்பதற்கு ஏழாவது அட்டவணை என்று ஒன்று இருக்கிறது. பசி ஒழிப்பு, கல்வி, குடிநீர், சுகாதாரம், பெண்கள் முன்னேற்றம், சுற்றுச்சூழல், பாரம்பரியச் சின்னங்கள், விளையாட்டு, போரில் உயிர்நீத்த வீரர்களின் குடும்பங்கள், குடிசைப் பகுதி மேம்பாடு. படிக்கப் படிக்க நெகிழ்ச்சியாக இருக்கும். கூர்ந்து படித்தால், சுதந்திரம் வாங்கியதிலிருந்து அரசாங்கம் செய்ய வேண்டியதையும் செய்யாததையும் யாரோ வரிசையாக எழுதி வைத்திருப்பது புரியும். அரசு தன் பாக்கியைக் கம்பெனி தலையில் கட்டுகிறது. கம்பெனி தன் பாவத்தை அந்தப் பாக்கியில் கழிக்கிறது. இருவருக்கும் ஆதாயம். நடுவில் ஒரு பள்ளிக்கூடச் சுவர் வெள்ளையடிக்கப்படுகிறது.

அந்தச் சுவரைப் பக்கத்தில் போய்ப் பார்த்திருக்கிறீர்களா? எந்தத் தொழிற்பேட்டையை ஒட்டிய அரசுப் பள்ளிக்கு வேண்டுமானாலும் போங்கள். வாசலில் ஆர்ஓ குடிநீர் இயந்திரம் ஒன்று நிற்கும். அதற்கு மேலே கறுப்பு கிரானைட் கல்வெட்டு. திறந்து வைத்தவர், முன்னிலை வகித்தவர், தலைமை தாங்கியவர், வாழ்த்துரை வழங்கியவர் என்று பெயர்கள். கம்பெனி முத்திரை தங்க நிறத்தில். கல்வெட்டு குழாயைவிடப் பெரியது. திறப்பு விழா அன்று பிள்ளைகளை வெயிலில் இரண்டு மணி நேரம் வரிசையில் நிறுத்தி, டம்ளரில் தண்ணீர் பிடிப்பதுபோலப் படம் எடுப்பார்கள். அந்தப் படம் ஆண்டறிக்கையில் வழவழப்பான தாளில் அரைப் பக்கத்துக்கு வரும். ஆறு மாதத்தில் ஃபில்டர் அடைத்துக்கொள்ளும். மாற்றுவதற்குத் தலைமையாசிரியரிடம் காசு இல்லை. கம்பெனியிலோ, 'அது போன வருஷ பட்ஜெட் சார்' என்பார்கள். பிள்ளைகள் பழையபடி வீட்டிலிருந்து பாட்டிலில் தண்ணீர் கொண்டுவருவார்கள். கோயில் டியூப்லைட்டில் உபயம் எழுதி வெளிச்சத்தை மறைத்த நம் ஊர்ப் பெரியவர்களைக் கிண்டல் செய்தோமே, அவர்களாவது லைட்டை எரிய விட்டார்கள்.

அந்த ஊரில் நிலத்தடி நீர் ஏன் குடிக்க முடியாமல் போனது என்று கல்வெட்டில் எழுதுவதில்லை. இடம் போதாது.

நல்லதே நடக்கவில்லையா என்று சிலர் கோபப்படுவார்கள். நடக்கிறது. பெண் பிள்ளைகளுக்குக் கழிப்பறை இல்லாத பள்ளியில் ஒரு கம்பெனி கட்டிக் கொடுத்த கழிப்பறையால் படிப்பை நிறுத்தாமல் இருந்த பிள்ளைகள் உண்டு. அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் ஒரு பெண் பிள்ளை கழிப்பறைக்குப் போக ஒரு கம்பெனியின் லாபம் 5 கோடியைத் தாண்ட வேண்டியிருக்கிறதே, அதற்கு யாரைப் பாராட்டுவது? பணம் எங்கே குவிகிறது என்றும் பாருங்கள். ஆண்டுக்கு 25 ஆயிரம் கோடிக்கு மேல் புரளும் இந்தப் பொறுப்புப் பணத்தில் மற்றெந்த மாநிலத்தையும்விடப் பெரிய பங்கு வருஷா வருஷம் மகாராஷ்டிரத்துக்குப் போகிறது. வடகிழக்கு மாநிலங்களுக்குக் கிடைப்பது சில்லறை. ஆலையும் அலுவலகமும் எங்கேயோ அங்கேதான் சமூகமும் இருக்கும்போல.

விதியில் இன்னொரு நயம் இருக்கிறது. தன் தொழிலாளிகளுக்காகச் செய்யும் செலவை சிஎஸ்ஆர் கணக்கில் காட்டக் கூடாது. காரணம் நியாயமானதுதான்: கேன்டீன் போட்டதையும் தீபாவளி ஸ்வீட் பாக்ஸையும் தர்மக் கணக்கில் எழுதிவிடுவார்கள். தொழிலாளிக்குச் செய்வது கடமை, தர்மம் அல்ல. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கடமையைச் செய்தாயா என்று விசாரிக்க ஆண்டறிக்கையில் வண்ணப் பக்கம் ஏது? அதனால் ஊரார் பிள்ளைக்கு நோட்டுப் புத்தகம் கொடுத்த படம் வரும். சொந்த ஆலையில் பாதரசப் புகையைச் சுவாசித்தவனின் படம் வராது.

பாதரசம் என்று சும்மா சொல்லவில்லை. கொடைக்கானலில் நடந்தது அது. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்து வாட்டர்டவுனில் ஓடிய தெர்மாமீட்டர் ஆலை 1980களின் தொடக்கத்தில் பெட்டி படுக்கையோடு கொடைக்கானல் மலைக்கு வந்தது. பிறகு இந்துஸ்தான் லீவர் வசமானது. வெப்பமானி செய்யும் ஆலையைக் குளிர்ந்த மலையுச்சியில், சோலைக்காட்டை ஒட்டி வைத்தார்கள். 2001 மார்ச்சில், பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடிக் கழிவு மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய இரும்புக் கடையில் மூட்டை மூட்டையாகக் கிடந்ததை ஊர்க்காரர்களும் சூழல் அமைப்புகளும் கண்டுபிடித்தார்கள். ஆலை மூடப்பட்டது. 2003இல் 290 டன் பாதரசக் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்கே திரும்பியது. கழிவுக்குக்கூட ஊர் திரும்ப வழி கிடைத்தது.

தொழிலாளிகளுக்குத்தான் கிடைக்கவில்லை. சிறுநீரகம் போச்சு, நரம்பு போச்சு, பிள்ளை தங்கவில்லை என்று அவர்கள் சொன்னார்கள். ஆலையில் வேலை பார்த்ததால் யார் உடல்நலமும் கெடவில்லை என்று கம்பெனி சொன்னது. இப்படியே 15 வருஷம். இந்த 15 வருஷத்துக்கு நடுவே, 2010 நவம்பரில், தாய்க் கம்பெனியான யூனிலீவர் உலகத்தின் முன் நின்று 'நீடித்த வாழ்க்கைத் திட்டம்' என்று ஒன்றை அறிவித்தது. பூமியைக் காப்பாற்றப் போகிறோம் என்றது. மேலாண்மைக் கல்லூரிகள் அதைப் பாடமாக வைத்தன. லாபமும் நல்லதும் கைகோத்து நடக்கலாம் என்பதற்கு அதுவே உதாரணம் என்று எழுதியவர்கள் எத்தனையோ பேர். வாட்டர்டவுனிலிருந்து கொடைக்கானல் வரை அது நடந்து வந்த பாதையை யாரும் பாடத்தில் சேர்க்கவில்லை.

2015இல் சென்னைப் பெண் சோஃபியா அஷ்ரஃப் கொடைக்கானலைப் பற்றி ஒரு ராப் பாட்டுப் பாடினார். யூடியூபில் லட்சக்கணக்கானோர் பார்த்தார்கள். அதுவரை மனுக்களையும் மருத்துவச் சான்றுகளையும் பார்த்துக் கலங்காத நெஞ்சம், பார்வைகளின் எண்ணிக்கையைப் பார்த்துக் கலங்கியது. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளிகளோடு உடன்பாடு ஏற்பட்டது. எவ்வளவு தொகை என்று வெளியே சொல்லவில்லை. கருணைத் தொகையாம். வாழ்வாதார மேம்பாட்டுக்கும் திறன் வளர்ப்புக்குமாம். வருஷக்கணக்கில் பாதரசத்தோடு புழங்கியவனுக்கு, நரம்பும் சிறுநீரகமும் போனபிறகு, திறன் வளர்க்கிறார்கள்! தொழிலாளிக்குச் செலவழித்தால் சிஎஸ்ஆர் ஆகாது என்பது விதி; முன்னாள் தொழிலாளிக்குக் கொடுக்க வேண்டிய நஷ்டஈட்டை மட்டும் சிஎஸ்ஆர் வாசகத்திலேயே எழுதலாம்.

இதெல்லாம் தனியார் பேராசை, பொதுத்துறை அப்படியல்ல என்று நம்பும் தோழர்கள் நமக்குள் நிறையப் பேர் உண்டு. அவர்களுக்காகக் குஜராத் வரை போய்விட்டு வடசென்னையின் எண்ணூருக்கு வரலாம்.

நர்மதைக் கரையில் சர்தார் படேலுக்கு 182 மீட்டர் உயரத்தில் சிலை எழுப்பினார்கள். 2018 அக்டோபர் 31இல் பிரதமர் திறந்து வைத்தார். அதே வருஷம் வந்த தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை ஒரு விஷயத்தைப் போட்டு உடைத்தது: ஐந்து பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்கள் தங்கள் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து இந்தச் சிலைக்கு 146 கோடியே 83 லட்சம் ரூபாய் கொடுத்திருக்கின்றன. ஓஎன்ஜிசி 50 கோடி. இந்துஸ்தான் பெட்ரோலியம், பாரத் பெட்ரோலியம், ஆயில் இந்தியா தலா 25 கோடி. இந்தியன் ஆயில் 21 கோடியே 83 லட்சம். பாரம்பரியச் சின்னத்தைப் பாதுகாப்பது என்ற கணக்கில் எழுதியிருந்தார்கள். இன்னும் கட்டியே முடிக்காத ஒன்று எப்படிப் பாரம்பரியச் சின்னம் ஆகும்? தணிக்கையாளரும் அது ஏழாவது அட்டவணையில் அடங்காது என்றுதான் சொன்னார். சொன்னார், எழுதினார், அச்சடித்தார். சிலை அசையவில்லை. சிலையைச் சுற்றியிருந்த பழங்குடிக் கிராமங்கள் திறப்பு விழாவன்று துக்கம் அனுசரித்தன. பசி ஒழிப்பு, குடிசை மேம்பாடு எல்லாம் அதே அட்டவணையில்தான் இருந்தன. 182 மீட்டர் உயரத்திலிருந்து பார்த்தால் தெரிந்திருக்காது.

அந்த இந்தியன் ஆயிலுக்கு மணலியில் ஒரு பிள்ளை இருக்கிறது. சென்னை பெட்ரோலியம், சுருக்கமாக சிபிசிஎல். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை கொட்டியபோது அந்த ஆலைப் பக்கமிருந்து எண்ணெய் வெள்ளத்தோடு கலந்து பக்கிங்ஹாம் கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரத்துக்கு வந்தது. எர்ணாவூரில் வீட்டுக்குள் புகுந்த வெள்ளம் வடிந்தபோது சுவரில் தண்ணீர் நின்ற மட்டத்தில் கறுப்புக் கோடு போட்டுவிட்டுப் போனது. பாத்திரத்தில் எண்ணெய், பாயில் எண்ணெய், பிள்ளையின் பாடப்புத்தகத்தில் எண்ணெய். ஆற்றில் கட்டியிருந்த படகுகள் அடி முதல் விளிம்புவரை தார் பூசியதுபோல் ஆயின. வலைகள் மீனுக்கு ஆகாமல் எரிக்கத்தான் ஆயின. கூழைக்கடா சிறகை விரிக்க முடியாமல் கரையில் நின்றது. அலையாத்திச் செடிகளின் வேரெல்லாம் பிசுபிசுப்பு.

நாட்டின் பெரிய சுத்திகரிப்பு ஆலைகளில் ஒன்று அது. பெட்ரோலையும் டீசலையும் மண்ணெண்ணெயையும் தனித்தனியாகப் பிரித்தெடுக்கும் பொறியியல் கைவசம் உள்ளவர்கள். ஆற்றில் மிதந்த எண்ணெயை எடுக்க யார் இறங்கினார்கள்? எண்ணூர்க் குப்பங்களின் மீனவர்கள். எதைக்கொண்டு? வாளி. குவளை. பிளாஸ்டிக் டிரம். இடுப்பளவு எண்ணெயில், வெறும் கையோடு அள்ளி அள்ளி ஊற்றினார்கள். படங்கள் நாடு முழுக்கப் போயின. தோல் எரிகிறது, தலை சுற்றுகிறது என்றார்கள். தேசிய பசுமைத் தீர்ப்பாயம் கேள்வி கேட்டபிறகு மற்ற ஏற்பாடுகள் மெல்ல வேகம் பிடித்தன. மிதக்கும் தடுப்பு வந்தது, உறிஞ்சும் இயந்திரம் வந்தது, கையுறை வந்தது. முதல் சில நாட்களில் அந்த ஆற்றுக்கு இருந்த ஒரே பேரிடர் மேலாண்மைக் கருவி ஒரு மீனவரின் கை.

21 கோடியே 83 லட்சத்துக்கு எத்தனை மிதக்கும் தடுப்பு வாங்கலாம், எத்தனை உறிஞ்சு பம்பு வாங்கி எண்ணூர் ஓரத்திலேயே நிறுத்தி வைத்திருக்கலாம்? இதைக் கேட்டால், அது சிஎஸ்ஆர் கணக்கில் வராது, தொழில் நடத்தும் செலவில் வரும் என்பார்கள். சரி, தொழில் நடத்தும் செலவிலாவது வந்ததா? அதுதான் இந்த ஏற்பாட்டின் அழகு. செய்ய வேண்டியது ஒரு கணக்கில் வராது. செய்ய வேண்டாதது இன்னொரு கணக்கில் தாராளமாக வரும்.

அந்த எண்ணெய் காய்வதற்குள், டிசம்பர் 26 நள்ளிரவு நெருங்கும் நேரத்தில், அதே எண்ணூரில் கோரமண்டல் உர ஆலைக்கு அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு. பெரியகுப்பம் சனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். வடசென்னைக்காரர்களுக்கு ஓடுவது பழக்கம்தான். அனல்மின் நிலையச் சாம்பல் வரும்போது ஓடினார்கள், எண்ணெய் வரும்போது ஓடினார்கள், வாயு வரும்போதும் ஓடினார்கள். தொழில் வளர்ச்சியின் அத்தனை பொருளும் அவர்கள் வீட்டுக்கே வந்து இறங்குகிறது, வேலையைத் தவிர.

கொரோனா நேரத்தில் இந்தச் சமூகப் பொறுப்பு இன்னொரு வேடம் கட்டியது. பிஎம் கேர்ஸ் என்ற நிதி தொடங்கிய சூட்டோடு, 2020 மார்ச் 28 அன்றே, அதற்குக் கொடுப்பது சிஎஸ்ஆர்தான் என்று மத்திய கம்பெனி விவகாரத்துறை அறிவித்தது. ஏப்ரல் 10ஆம் தேதி இன்னொரு விளக்கம்: முதலமைச்சர் பொது நிவாரண நிதிக்குக் கொடுத்தால் அது சிஎஸ்ஆர் ஆகாது. டெல்லிக்குப் போனால் சமூகம். சென்னைக்கோ திருவனந்தபுரத்துக்கோ வந்தால் வெறும் செலவு. பிஎம் கேர்ஸுக்கு வந்த பணத்தைப் பற்றித் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டால், அது பொது அதிகார அமைப்பே அல்ல என்று பதில். சமூகப் பொறுப்புப் பணம், சமூகம் கேட்கக் கூடாத இடத்தில் பத்திரமாக இருக்கிறது.

சட்டத்துக்குப் பல் இருக்கிறதா? 2019இல் ஒரு திருத்தம் கொண்டுவந்து, பொறுப்பைத் தட்டிக்கழித்தால் அதிகாரிகளுக்கு மூன்று ஆண்டு வரை சிறை என்றார்கள். தொழில் உலகம் ஒரே அலறல். சில வாரங்களிலேயே நிதியமைச்சர், இது குற்றவியல் விவகாரம் ஆகாது என்று ஆறுதல் சொன்னார். 2020இல் சிறை போய் அபராதம் மட்டும் நின்றது: செலுத்தத் தவறிய தொகையைப் போல் இரண்டு மடங்கு, அல்லது 1 கோடி ரூபாய், எது குறைவோ அது. நூறு கோடி செலுத்தாதவனுக்கும் அதிகபட்சம் ஒரு கோடி. மின் கட்டணம் கட்டாத குடிசைக்கு இப்படி ஒரு சலுகையை யாராவது காட்டினால் சொல்லுங்கள். அங்கே ஃபியூஸைப் பிடுங்கிவிட்டுத்தான் பேச்சு.

தூத்துக்குடியைப் பற்றிப் பொறுமையாக எழுத எனக்கு வராது. 2013 ஏப்ரலில், மாசுபடுத்தியதற்காக அந்த ஊரின் ஸ்டெர்லைட் தாமிர ஆலை 100 கோடி ரூபாய் கட்ட வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். அதே தீர்ப்பில் ஆலை ஓடலாம் என்றும் சொன்னது. ஓடியது. விரிவாக்கம் வேண்டும் என்றும் கேட்டது. 2018 மே 22, போராட்டத்தின் நூறாவது நாள், ஊர்வலமாகக் கலெக்டர் அலுவலகம் போன சனங்கள் மீது போலீஸ் சுட்டது. 13 உயிர். அடுத்த வாரம் அரசு ஆலையை மூடி முத்திரை வைத்தது. ஒரு கோப்பில் ஒரு கையெழுத்து. அதை மே 21ஆம் தேதி போட முடியாமல் எது தடுத்தது? துப்பாக்கிச் சூட்டை விசாரித்த நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022 அக்டோபரில் சட்டமன்றத்துக்கு வந்தது. யார் யார் மீது நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றும் அதில் எழுதியிருந்தது. 2024 பிப்ரவரி 29இல் ஆலையைத் திறக்கக் கேட்ட மனுவை உச்ச நீதிமன்றமும் தள்ளியது. இந்த வருஷங்கள் முழுக்க அந்த ஊரில் கம்பெனி கொடுத்த மரக்கன்றுக்கும் கல்வி உதவித்தொகைக்கும் குறைவே வரவில்லை. மூச்சு முட்டிச் சாகிறோம் என்றவனுக்கு மரக்கன்று; சுடப்பட்டவன் ஊருக்கு ஸ்காலர்ஷிப். வாங்கிக்கொண்ட ஏழைகளை நான் ஒரு சொல்லும் சொல்ல மாட்டேன். அவர்கள் வறுமையை வரிசையில் நிறுத்திப் படம் எடுத்து, ஊரே எங்கள் பக்கம் என்று காட்டியவர்களைச் சொல்கிறேன்.

என்னிடம் ஒரு திருத்த யோசனை இருக்கிறது, எடுத்துக்கொள்பவர்கள் எடுத்துக்கொள்ளலாம். நீதிமன்றமோ தீர்ப்பாயமோ விதித்த நஷ்டஈட்டில் ஒரு பைசா பாக்கி வைத்திருக்கும் கம்பெனி, காண்ட்ராக்ட் தொழிலாளிக்குக் கூலி பாக்கி வைத்திருக்கும் கம்பெனி, சிஎஸ்ஆர் என்ற மூன்றெழுத்தை எந்தப் பலகையிலும் எழுதக் கூடாது. ரெண்டு சதவீதத்தைக் கட்டட்டும், பெயர் போடாமல் கட்டட்டும். இன்னொன்று: மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அனுப்பிய நோட்டீஸ்களை ஆண்டறிக்கையின் முன்னட்டையில், அதே வழவழப்புத் தாளில், அதே வண்ணத்தில் அச்சிட வேண்டும். பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி கேட்கும் அறிக்கையில் அபராத விவரம் எங்கோ உள்ளே ஒரு கட்டத்தில் வருகிறதே என்பார்கள். தெரியும். பிள்ளை தண்ணீர் குடிக்கும் படத்தை உள்ளே அந்தக் கட்டத்தில் போடுங்கள், நோட்டீஸை வெளியே போடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

கேட்டவுடன் என்ன பதில் வரும் என்று தெரியும். தொழில் கூட்டமைப்புகள் ஐந்து நட்சத்திர ஓட்டலில் கருத்தரங்கு கூட்டி, ஏசியில் நடுங்கிக்கொண்டே, இப்படிக் கெடுபிடி செய்தால் முதலீடெல்லாம் குஜராத்துக்குப் போய்விடும் என்று மிரட்டும். போகட்டும். அங்கே 146 கோடியே 83 லட்சம் ஏற்கெனவே போய்த் துண்டு போட்டு இடம் பிடித்து வைத்திருக்கிறது.